கன்சோல் வாங்கக் கிளம்பும் முன் வீட்டு டி.வி.யைப் பாருங்கள்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலோ நேஷனல் மார்க்கெட்டிலோ வீடியோ கேம் கன்சோல் விலை கேட்டால் முதலில் காதில் விழுவது டெராஃப்ளாப் கணக்கு, அதாவது சிப் எவ்வளவு வேகமாகக் கணக்குப் போடும் என்பதன் அளவு. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 12, பி.எஸ்.5 (பிளேஸ்டேஷன் 5) 10.28, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் 4. அந்த எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஃபுல் எச்.டி. திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள், 4கே திரையில் 83 லட்சம். பெரிய சிப்பின் உழைப்பில் பெரும்பங்கு அந்த நாலு மடங்கை வரையத்தான் போகிறது. வீட்டில் ஃபுல் எச்.டி. டி.வி.தான், மாற்றும் எண்ணமும் இல்லை என்றால் சீரிஸ் எஸ் போதும். சில கேம்கள் அதில் வினாடிக்கு 30 ஃப்ரேமோடு (படங்களோடு) நின்றுவிடும், அதற்குத் தயாராக இருங்கள்.

அடுத்தது, கேமை டிஸ்க்கில் வாங்கிப் போடும் மாடலா, டவுன்லோடு மட்டுமே செய்யும் டிஜிட்டல் மாடலா. 2021 பிப்ரவரியில் பி.எஸ்.5 இங்கே வந்தபோது டிஸ்க் மாடல் 49,990 ரூபாய், டிஜிட்டல் 39,990. வித்தியாசம் 10,000. ஆடி முடித்த டிஸ்க்கை விற்று ஒவ்வொன்றுக்கும் 1,500 ரூபாய் தேறினால், ஏழாவது டிஸ்க்கில் அந்தப் பணம் கைக்கு வந்துவிடும். டிஜிட்டலில் வாங்கிய கேமை விற்கவே முடியாது. வருஷத்துக்கு மூன்று நாலு கேம் வாங்குகிறவர்களுக்கு டிஸ்க் மாடல்தான் எங்கள் சிபாரிசு.

ஸ்டோரேஜ் செலவைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். முதல் பி.எஸ்.5இன் 825 ஜி.பி.யில் கேமுக்குக் கிடைப்பது 667, சீரிஸ் எஸ்ஸின் 512இல் 364தான். யு.எஸ்.பி. டிரைவில் பி.எஸ்.5 கேமைச் சேமித்து வைக்கலாம், அங்கிருந்தே ஆட முடியாது. பி.எஸ்.5 உள்ளே கூடுதலாகப் போடும் எம்.2 எஸ்.எஸ்.டி. (சின்ன அட்டை வடிவ ஸ்டோரேஜ்) ஜென்4 வகையாக, வினாடிக்கு 5,500 எம்.பி. படிக்கும் வேகத்தோடு இருக்கட்டும். சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் கட்டாயம். அதோடு சேர்த்து மொத்த உயரம் 11.25 மி.மீ. தாண்டினால் ஸ்லாட்டின் மூடி உட்காராது.

செகண்ட் ஹேண்ட் என்றால் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, உங்கள் கணக்கில் லாகின் செய்யுங்கள். ஆன்லைனில் கம்பெனி தடை போட்ட கன்சோல் என்றால் அங்கேயே தெரிந்துவிடும். டிஸ்க்கைப் போட்டு எடுங்கள். கன்ட்ரோலரை மேசையில் வைத்துக் கையை எடுத்துவிடுங்கள்: திரையில் ஏதாவது தானாக நகர்ந்தால் ஸ்டிக் தேய்ந்துவிட்டது. ஒரு கனமான கேமை அரை மணி நேரமாவது ஓடவிடுங்கள். ஃபேன் இரைச்சல், சூட்டில் அணைந்துபோவது எல்லாம் அதற்குப் பிறகுதான் வெளியே வரும்.

மழைக்காலத்தில் கரன்ட் போய்ப் போய் வரும். கேம் எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் கன்சோலுக்குள் எது எங்கே இருக்கிறது என்ற பட்டியலான டேட்டாபேஸ் கெடலாம். யு.பி.எஸ். இருந்தால் சேவ் செய்து அணைக்க நேரம் கிடைக்கும். அப்படியும் பி.எஸ்.5 கெட்டுப்போனால், அணைத்துவிட்டு, இரண்டாவது பீப் வரும்வரை பவர் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். கன்ட்ரோலரை கேபிளில் இணைத்து, அப்போது வரும் சேஃப் மோடு (பழுது நீக்கும் மெனு) திரையில் டேட்டாபேஸை ரீபில்ட் செய்யும் 5ஆவது ஆப்ஷனைத் தேர்ந்தெடுங்கள். 6, 7ஐத் தொடாதீர்கள், கேம் சேவ் உட்பட எல்லாம் அழிந்துவிடும்.