சாய்ந்த ஸிக்கியை நிமிர்த்திய விதம்

ஆங்கிலேய ராக் பாடகர் டேவிட் போவி மேடையில் பூண்ட வேடங்களின் பொம்மைகளைச் சேர்த்து வருகிறேன். 1972-இன் ஸிக்கி ஸ்டார்டஸ்ட், முகத்தில் சிவப்பும் நீலமுமாய் மின்னல் தீட்டிய 1973-இன் அலாடின் சேன், 1976-இல் வெள்ளைச் சட்டை, கறுப்பு வெயிஸ்ட்கோட்டில் வந்த தின் ஒயிட் டியூக்.

கோடையில் கணுக்கால் வளைந்து ஸிக்கி முன்பக்கம் சாயத் தொடங்கினார். பொம்மை செய்த பிவிசி பிளாஸ்டிக் சூட்டில் இளகும். மேல்பாரம் முழுக்க மெல்லிய கணுக்காலில்தான் இறங்குகிறது. அந்தச் சூட்டை வைத்தே சரிசெய்தேன். கொதித்து இறக்கிய நீரில் காலை மட்டும் முக்கினேன். நெகிழ்ந்ததும் நேராக்கி, பிடித்த பிடியிலேயே ஐஸ் தண்ணீருக்கு மாற்றினேன். அப்படியே இறுகிவிட்டது.

மேலெல்லாம் பிசுபிசுப்பு வேறு. பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்க்கும் பொருள் நாளாக ஆகக் கசியும். பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு, வெதுவெதுப்பான நீர், மிருதுவான பிரஷ் போதும். தின்னர், அசிட்டோன் பக்கம் போகவே வேண்டாம், பெயின்ட் போய்விடும். பள்ளிப் பருவத்தில் நண்பனிடம் வாங்கிய குத்தால் போவியின் இடது கண்மணி விரிந்தே நின்றுவிட்டது. பொம்மையிலும் அந்த ஒரு கண்ணில் மட்டும் கருமையைச் சற்றே பெரிதாகத் தீட்டியிருக்கிறார்கள். அவ்வளவு அக்கறையான வேலையை அழிக்க எனக்கு மனம் வராது.

இப்போது முதுகுக்கு ஒரு தாங்கு கம்பி கொடுத்து, அலமாரியை ஜன்னலிலிருந்து தள்ளி வைத்திருக்கிறேன்.