நெட்வொர்க் மென்பொருள் ஆவணத்தில் வரும் சொல்திருத்தங்களை ரிவ்யூ செய்வது எப்படி? தொடங்குபவர்களுக்கான செய்முறை

திறமூல நெட்வொர்க் மென்பொருளுக்குப் பங்களிக்க வருபவர்கள் பெரும்பாலும் ஆவணத்தில்தான் தொடங்குகிறார்கள். "வாக்கியத்தைத் தெளிவாக்கியிருக்கிறேன்", "சொற்களைச் சீராக்கியிருக்கிறேன்" என்ற குறிப்போடு பேட்ச் (மாற்றங்கள் அடங்கிய கோப்பு) வரும். நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை, ஆகவே ஆபத்தில்லை என்று நினைத்துப் பலர் இரண்டே நிமிடத்தில் ஒப்புதல் கொடுத்துவிடுகிறார்கள். தவறு நுழைவது அந்த இடத்தில்தான். ஃபயர்வால் கையேட்டில் ஒரு வினைச்சொல் மாறினால், அதைப் படித்துவிட்டு ஒருவர் சர்வரில் எழுதும் விதியும் மாறும்.

ஆகவே ரிவ்யூ முழுவதும் ஒரே கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: பழைய வாக்கியத்தைப் படித்தவரும் புதிய வாக்கியத்தைப் படித்தவரும் ஒரே கட்டளையைத்தான் தட்டுவார்களா? வேறு வேறு கட்டளைகளைத் தட்டுவார்கள் என்றால், அவற்றில் எது சரி? நடை, நிறுத்தற்குறி, அழகு எல்லாம் இதற்குப் பிறகுதான்.

படி 1: பேட்சை உங்கள் கணினிக்குக் கொண்டுவாருங்கள்

உலாவியில் சிவப்பும் பச்சையுமாகத் தெரிவதை மட்டும் பார்த்து முடிக்க வேண்டாம். ரெப்போவை (திட்டக் கோப்புகளின் களஞ்சியத்தை) முழுதாக நகலெடுத்து, அதாவது குளோன் செய்து, பேட்சைத் தனிக் கிளையில் இறக்குங்கள். அடுத்து வரும் எல்லா வேலைக்கும் மூலநிரல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கோப்பு மாற்றங்களைப் பதிவு வைக்கும் கிட் கருவியில், வேறுபாட்டைக் காட்டும் டிஃப் கட்டளையை 'வேர்ட்-டிஃப்' என்ற விருப்பத்தோடு ஓட்டுங்கள். ஒரு சொல் மாறியதால் பத்தி முழுவதும் வரிகள் இடம் நகர்ந்திருந்தால், சாதாரண டிஃப் பத்து வரிகளையும் மாறியதாகக் காட்டும். சொல்வாரி டிஃப் அந்த ஒரு சொல்லை மட்டும் காட்டும். வரி மடிப்பும் சொல்மாற்றமும் ஒரே கமிட்டில் (பதிவுசெய்த மாற்றத்தில்) கலந்திருந்தால், இரண்டாகப் பிரித்து அனுப்பச் சொல்லலாம். நாளை ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியது யார் என்று காட்டும் கிட் பிளேமைப் பார்ப்பவருக்கு உண்மையில் மாறிய வரி மட்டும் தெரிய வேண்டும் என்பதே காரணம்.

இன்னொன்றும் செய்யுங்கள். கிட் லாக் கட்டளைக்கு '-எஸ்' (-S) விருப்பத்தோடு பழைய சொற்றொடரைக் கொடுத்தால், அது எந்தக் கமிட்டில் முதலில் நுழைந்தது என்று தெரியும். காதுக்கு முரடாகக் கேட்கும் வாக்கியம், ஒரு பிழை அறிக்கைக்குப் பிறகு யாரோ யோசித்து, வேண்டுமென்றே அப்படி எழுதியதாக இருக்கலாம். அதை வழவழப்பாக்கினால் பழைய குழப்பம் மறுபடி திரும்பும்.

படி 2: பொருள் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்

நேரத்தில் பாதியை இங்கே செலவிடுங்கள். நெட்வொர்க் ஆவணங்களில் பொருள் வழுக்கும் இடங்கள் பெரும்பாலும் தெரிந்தவையே.

முதலாவது, ஒத்த ஒலியுள்ள கருத்துகள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் 'டிசிபி_ஃபின்_டைம்அவுட்' என்ற அமைப்பு உண்டு. இயல்பு மதிப்பு 60 விநாடி. எந்தச் செயலியும் உரிமை கொண்டாடாத அநாதை இணைப்பு ஒன்று ஃபின்-வெயிட்-2 நிலையில் (தன் பக்கத்தை மூடிவிட்டு, எதிர்முனை மூடுவதை எதிர்பார்க்கும் நிலை) எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதை அது தீர்மானிக்கிறது. இதை, இரு பக்கமும் மூடிய பிறகு வரும் டைம்-வெயிட் நிலையின் நேரம் என்று நினைப்பவர்கள் ஏராளம். டைம்-வெயிட்டின் நீளமும் லினக்ஸில் 60 விநாடிதான் என்பதால் குழப்பம் இன்னும் ஆழமாகிறது. ஆனால் அது நிரலில் பதிக்கப்பட்ட மாறிலி, இந்த அமைப்பைத் தொட்டு அதைக் குறைக்க முடியாது. "எளிமையாக்குகிறேன்" என்று ஒருவர் ஃபின்-வெயிட்-2 என்ற பெயரை எடுத்துவிட்டு "மூடப்பட்ட இணைப்புகள் காத்திருக்கும் நேரம்" என்று எழுதினால் படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதை நம்பி மதிப்பைக் குறைப்பவர் எதிர்பார்த்தது நடக்காது.

இரண்டாவது, எது எதை மீறும் என்ற விதி. பாக்கெட்டின் அனுப்புநர் முகவரியைச் சோதிக்கும் 'ஆர்பி_ஃபில்டர்' அமைப்பில் 0 என்றால் மூல முகவரிச் சோதனை இல்லை, 1 கண்டிப்பானது, 2 தளர்வானது. எல்லாவற்றுக்கும் பொதுவான 'ஆல்' என்பதற்குக் கொடுத்த மதிப்பு, தனி இன்டர்ஃபேஸுக்கு (நெட்வொர்க் இணைப்புமுனைக்கு) கொடுத்த மதிப்பு ஆகிய இரண்டில் பெரியது எதுவோ அதுதான் செல்லும். இதை "இன்டர்ஃபேஸ் மதிப்பு பொது மதிப்பை மீறும்" என்று சுருக்குவது மிக இயல்பாகத் தோன்றும், ஏனென்றால் பல மென்பொருள்களில் அப்படித்தான். இங்கே அது தவறு. 'ஆல்' 1 ஆக இருக்கும்போது இன்டர்ஃபேஸில் 0 என்று வைத்தாலும் சோதனை நிற்காது.

மூன்றாவது, திசை. பேர்ட் ரூட்டிங் மென்பொருளில் இம்போர்ட் என்றால் புரோட்டோகாலிலிருந்து ரூட்டிங் அட்டவணைக்குள் வருவது. எக்ஸ்போர்ட் என்றால் அட்டவணையிலிருந்து புரோட்டோகாலுக்குப் போவது. எல்லாம் அட்டவணையின் இடத்தில் நின்று பார்க்கும் பார்வை. திருத்தத்தில் "உள்ளே", "வெளியே", "வரும்", "போகும்" என்ற சொல் எதைக் கண்டாலும் நிறுத்தி, எங்கே நின்று பார்க்கிறார் என்று கேளுங்கள். வாக்கியத்துக்குள்ளேயே பதில் இல்லையென்றால் திருத்தம் முடியவில்லை என்று பொருள்.

நான்காவது, முடிவுச் சொற்கள். லினக்ஸ் ஃபயர்வாலான என்எஃப்டேபிள்ஸில் 'டிராப்' கொடுத்தால் பாக்கெட்டின் கதை அங்கேயே முடிகிறது. 'ஆக்செப்ட்' அப்படியல்ல. அந்த அடிப்படைச் செயினின் (விதித் தொடரின்) மதிப்பீடு மட்டும்தான் முடியும்; அதே ஹூக்கில் (பாக்கெட் போகும் பாதையில் செயின்கள் ஓடும் இடத்தில்) பின்னால் ஓடும் வேறொரு அடிப்படைச் செயின் அந்தப் பாக்கெட்டைக் கொல்லலாம். "ஆக்செப்ட் கொடுத்தால் பாக்கெட் அனுமதிக்கப்படும்" என்ற அழகான குறுவாக்கியம் இந்த வேறுபாட்டை விழுங்கிவிடுகிறது. இந்த ஒரு இடத்தில் வாக்கியம் நீளமாக இருப்பதையே ஆதரியுங்கள்.

கடைசியாக, கட்டாயமும் பரிந்துரையும். ஆங்கில ஆவணத்தில் 'மஸ்ட்', 'ஷுட்', 'மே' ஆகியவற்றை மாற்றும் பேட்ச்களில் கூடுதல் கவனம் வேண்டும். 1997இல் வந்த இணையத் தொழில்நுட்ப ஆவணமான ஆர்எஃப்சி 2119 இச்சொற்களுக்கு வரையறை தந்தது. பெரிய எழுத்தில் எழுதியவற்றுக்கு மட்டுமே அந்தப் பொருள் என்று 2017இல் ஆர்எஃப்சி 8174 தெளிவுபடுத்தியது. பயனர் கையேட்டில் வரும் சாதாரண 'ஷுட்' இரண்டு விதமாகப் படிக்கப்படும்: "நீங்கள் இப்படிச் செய்வது நல்லது" என்றும், "இப்படி நடக்க வேண்டும், நடக்காவிட்டால் ஏதோ கோளாறு" என்றும். அதை 'மஸ்ட்' ஆக்க ஒருவர் விரும்பினால், செய்யாவிட்டால் மென்பொருள் மறுக்கிறதா, பிழைச்செய்தி வருகிறதா என்று கேளுங்கள். மறுக்கவில்லை என்றால் அது 'மஸ்ட்' அல்ல.

பாக்கெட், ஃபிரேம், செக்மென்ட் மூன்றையும் "ஒரே சொல்லாக இருக்கட்டும்" என்று சீராக்கும் பேட்ச்களும் வரும். அவை நெட்வொர்க்கின் வெவ்வேறு அடுக்கின் சொற்கள். 'போர்ட்' என்பது ஸ்விட்சின் துளையா, டிசிபி எண்ணா என்பதையும் அதே போலப் பாருங்கள்.

படி 3: எண்களும் அலகுகளும்

நெட்வொர்க் வேகத்தைக் கட்டுப்படுத்தும் லினக்ஸின் 'டிசி' கருவி இதற்கு நல்ல பாடம். அதில் 'எம்பிட்' என்றால் விநாடிக்கு மெகாபிட். 'எம்பிபிஎஸ்' என்றால் விநாடிக்கு மெகாபைட். உலகம் முழுவதும் எம்பிபிஎஸ் என்றால் மெகாபிட் என்றே பழகியிருப்பதால், "வழக்கமான அலகுக்கு மாற்றியிருக்கிறேன்" என்று ஒருவர் 10 எம்பிட்டை 10 எம்பிபிஎஸ் ஆக்கினால், வேகக் கட்டுப்பாடு எட்டு மடங்கு தளர்ந்து 80 மெகாபிட் ஆகிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது.

எண் மாறியிருந்தால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். விபிஎன் மென்பொருளான வயர்கார்டின் ஆவணங்களில் 1420 என்ற எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச பைட் அளவு) வரும். ஈதர்நெட்டின் வழக்கமான 1500இல் ஐபிவி6 தலைப்புக்கு 40, யுடிபிக்கு 8, வயர்கார்டுக்கு 32 பைட் கழித்தால் 1420. வெளிப்பாதை ஐபிவி4 மட்டும்தான் என்றால் கழிப்பது 60, மிச்சம் 1440. "1420 என்பது தவறு, 1440தான் சரி" என்று திருத்தம் வந்தால், இரண்டுமே எந்த நிபந்தனையில் சரி என்று எழுதச் சொல்வதே சரியான பதில்.

"இயல்பு மதிப்பு" என்ற சொல்லுக்குப் பின் வரும் எண்ணை ஆவணத்தை வைத்துச் சரிபார்க்காதீர்கள், மூலநிரலில் தேடுங்கள். எஃப்ஆர்ஆர் ரூட்டிங் மென்பொருளில் பிஜிபி புரோட்டோகாலின் கீப்அலைவ் (இணைப்பு உயிரோடிருப்பதைச் சொல்லும் இடைவெளி), ஹோல்ட் (செய்தி வராவிட்டால் காத்திருக்கும் வரம்பு) நேரங்கள் வழக்கமான புரொஃபைலில் 60, 180 விநாடி. டேட்டாசென்டர் புரொஃபைலில் 3, 9. புரொஃபைல் பெயர் சொல்லாமல் "இயல்பு 180" என்று எழுதினால் அது அரை உண்மை.

எடுத்துக்காட்டில் உள்ள முகவரிகளையும் இப்போதே பாருங்கள். ஆவணத்துக்கென்றே ஒதுக்கியவை: 192.0.2.0/24, 198.51.100.0/24, 203.0.113.0/24. ஐபிவி6இல் 2001:டிபி8::/32. நெட்வொர்க்குகளை அடையாளம் காட்டும் ஏஎஸ் எண்களில் 64496 முதல் 64511 வரை. பெயருக்கு எக்ஸாம்பிள்.காம். யாருக்கோ சொந்தமான முகவரியை எடுத்துக்காட்டில் போட்டால், அப்படியே நகலெடுத்து ஒட்டுபவர்களின் டிராஃபிக் அந்த மூன்றாவது நபரிடம் போய் நிற்கும்.

படி 4: சந்தேகம் இருந்தால் ஓட்டிப் பாருங்கள்

இதற்கு லேப் எதுவும் வேண்டாம். ஒரே லினக்ஸ் கணினியில் இரண்டு நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் (தனித்தனி நெட்வொர்க் அறைகள்), நடுவே ஒரு வெத் ஜோடி (இரு முனையுள்ள மெய்நிகர் கேபிள்) போதும். ரூட் உரிமையோடு 'ஐபி நெட்என்எஸ்' கட்டளையால் இரண்டு நேம்ஸ்பேஸ்களை உருவாக்கி, வெத்தின் ஒவ்வொரு முனையையும் ஒன்றில் போட்டு, 192.0.2.1/24, 192.0.2.2/24 என முகவரி கொடுங்கள். புதியவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான்: இரு முனைகளும் தொடக்கத்தில் டவுன் நிலையில் இருக்கும், லூப்பேக்கும் அப்படியே. இரு முனைகளையும் கைப்பட அப் செய்யாவிட்டால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பிங் போகாது. ஆவணம் தவறு என்று வீணாக முடிவுகட்டிவிடுவீர்கள்.

மேலே சொன்ன ஆக்செப்ட் விஷயத்தைச் சோதிக்க, ஒரு நேம்ஸ்பேஸில் இன்புட் ஹூக்கில் இரண்டு அடிப்படைச் செயின்கள் எழுதுங்கள். பிரையாரிட்டி 0 உள்ளதில் ஆக்செப்ட், 10 உள்ளதில் டிராப். சிறிய எண் முதலில் ஓடும். பிங் நின்றுபோவதைக் கண்ணால் பார்ப்பீர்கள். டிராப், ரிஜெக்ட் வேறுபாடும் இதே அமைப்பில் தெரிந்துவிடும்: ரிஜெக்ட் என்றால் டிசிபி இணைப்பு உடனே மறுக்கப்படும், டிராப் என்றால் எதிர்முனை இணைப்பைத் தொடங்கும் சின் பாக்கெட்டை மீண்டும் மீண்டும் அனுப்பி, இயல்பு அமைப்பில் இரண்டு நிமிடத்துக்கு மேல் காத்திருக்கும். "தடுக்கும்" என்ற ஒரே சொல்லால் இரண்டையும் குறிக்கும் திருத்தத்தை ஏன் ஏற்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

படி 5: ஆவணத்தைக் கட்டிப் பாருங்கள்

மூல உரையிலிருந்து ஆவணப் பக்கங்களை உருவாக்கும் ஸ்பிங்க்ஸ் கருவியைப் பயன்படுத்தும் திட்டம் என்றால், எச்சரிக்கைகளைப் பிழையாக எண்ணும் '-டபிள்யூ' (-W) விருப்பத்தோடு கட்டுங்கள். தலைப்பு நீண்டு, கீழே உள்ள அடிக்கோடு பழைய நீளத்திலேயே இருந்தால் எச்சரிக்கை வரும். சொல்திருத்த பேட்ச்களில் அடிக்கடி தவறிப்போவது இது.

கட்டியபின் பக்கத்தைத் திறந்து கட்டளைகளை நகலெடுத்து டெர்மினலில் ஒட்டிப் பாருங்கள். சாதாரண உரையில் உள்ள இரட்டைக் கோடுகளை ஸ்பிங்க்ஸ் நீளக் கோடாக மாற்றிவிடும், மேற்கோள்குறிகளை வளைத்துவிடும். கட்டளையைக் குறிக்கும் பேக்டிக் (`) குறிகளைத் திருத்துபவர் தெரியாமல் நீக்கியிருந்தால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஒட்டினால் வேலை செய்யாது.

மார்க்டவுன் தளங்களில் தலைப்பின் சொல் மாறினால் அதன் இணைப்பு முகவரியும் மாறும். பழைய முகவரியை ரெப்போ முழுவதும் தேடுங்கள்.

புண்படுத்தும் பழைய சொற்களை மாற்றும் பேட்ச்கள் வரவேற்கத்தக்கவை. ஆனால் எல்லை எது என்று பாருங்கள். விளக்க உரையை மாற்றலாம். நிரல் அச்சிடும் சொல்லையும் கட்டமைப்பு விருப்பத்தின் பெயரையும் ஆவணத்தில் மட்டும் மாற்ற முடியாது. பல இன்டர்ஃபேஸ்களை ஒன்றாக்கும் லினக்ஸ் பாண்டிங் இன்னமும் 'ஸ்லேவ் இன்டர்ஃபேஸ்' என்றுதான் அச்சிடுகிறது என்றால், வெளியீட்டு எடுத்துக்காட்டில் அது அப்படியே இருக்க வேண்டும். படிப்பவர் தேடப்போவது அந்தச் சொல்லைத்தான்.

படி 6: கருத்து எழுதுவது

தடுக்கும் கருத்தையும் சின்னக் கருத்தையும் பிரித்துக் காட்டுங்கள். சின்னவற்றுக்கு முன்னால் 'நிட்' என்று போடுவது வழக்கம். அவற்றை ஏற்பதும் விடுவதும் எழுதியவர் விருப்பம். ஐந்தாறு நிட்களுக்கு நடுவே உண்மையான பிழை ஒன்றைப் புதைத்துவிடாதீர்கள்.

"இது தெளிவாக இல்லை" என்ற கருத்தால் யாருக்கும் பயனில்லை. யார் எப்படித் தவறாகப் படிப்பார், அதனால் என்ன தட்டுவார், மாற்று வாக்கியம் என்ன என்ற மூன்றையும் எழுதுங்கள். ஓட்டிப் பார்த்திருந்தால் கட்டளையையும் பதிப்பு எண்ணையும் சேருங்கள். "எனக்கு வேறு நடை பிடிக்கும்" என்பது மட்டுமே காரணம் என்றால் எழுதாமல் விட்டுவிடுங்கள். புதியவர் அனுப்பிய முதல் பேட்ச் என்றால், இந்தக் கட்டுப்பாடு இரட்டிப்பாக வேண்டும். ருசிச் சண்டையில் அவரை இழப்பது திட்டத்துக்கு நஷ்டம்.

லினக்ஸ் கெர்னலில் 'ரிவ்யூட்-பை' என்ற வரியைக் கொடுப்பது ஓர் உறுதிமொழி: தொழில்நுட்ப ரீதியாகப் பரிசீலித்தேன், கண்ட குறைகளைத் தெரிவித்துவிட்டேன் என்று பொருள். எழுத்துப்பிழை மட்டும் பார்த்திருந்தால் அந்த வரியைக் கொடுக்காமல், பார்த்தது என்ன என்பதைச் சொல்லுங்கள்.

படி 7: இரண்டாம் பதிப்பு வரும்போது

முழுவதையும் முதலிலிருந்து படிக்க வேண்டாம். கிட் ரேஞ்ச்-டிஃப் கட்டளைக்குப் பழைய வரிசையையும் புதிய வரிசையையும் கொடுத்தால், இரண்டுக்கும் நடுவே மாறியது மட்டும் தெரியும். நீங்கள் கேட்காத மாற்றம் ஏதாவது அதில் நுழைந்திருந்தால், அந்த வாக்கியத்துக்கு மட்டும் படி 2இலிருந்து மறுபடி தொடங்குங்கள்.