நிலா அந்துப்பூச்சியை முட்டையிலிருந்து வளர்த்து இனங்காணும் முறை

வெளிர்பச்சைச் சிறகும் நீண்ட வாலும் கொண்ட நிலா அந்துப்பூச்சிக்கு ஆசியாவில் நெருங்கிய உறவினங்கள் உண்டு. ஆகவே சிறகை மட்டும் பார்த்துப் பெயரிடாமல், ஒரு தலைமுறையை முட்டையிலிருந்து வளர்த்துக் குறிப்பெடுப்பது நல்லது.

விளக்கருகே பெண் பூச்சி கிடைத்தால் அதை ஓரிரவு காகிதப் பையில் வைத்திருங்கள். முன்பே இணைசேர்ந்திருந்தால் பையின் உட்புறத்திலேயே முட்டையிடும். இரண்டு வாரத்திற்குள் புழுக்கள் வெளிவரும். ஒதிய மரத்தின் இலையோ அக்ரூட் இலையோ உணவாகும். ஆனால் எந்த இலையில் தொடங்கினீர்களோ அதையே கடைசிவரை கொடுங்கள், ஏனெனில் பாதியில் இலையை மாற்றினால் பல புழுக்கள் உண்ண மறுத்து மடிந்துபோகும்.

குறிப்பேட்டில் அதிக இடம் பெறவேண்டியது புழுப்பருவமே. பொரித்தவுடன் சிவந்த உடலின் நடுவே கரும்பட்டை இருக்கும். முதல் தோலுரிப்பில் அது மறையும். அடுத்த தோலுரிப்பில் புழு பச்சையாகி, முதுகில் மஞ்சள் முகடுகளைத் தாங்கி நிற்கும். இம்மாற்றத்தை அறியாதவர் ஒரே புழுவை இரண்டு இனமாக எழுதிவைப்பதுண்டு. ஐந்தாம் பருவத்தின், அதாவது நான்காம் தோலுரிப்புக்குப் பிந்தைய நிலையின், முடிவில் அது இலைகளைப் பிணைத்துக் கூடு கட்டும். எவ்வளவு ஆர்வம் இருந்தாலும் கூட்டை வெட்டிப் பார்க்காதீர்கள். பூச்சி வெளிவந்ததும் ஏறித் தொங்குவதற்குச் சொரசொரப்பான குச்சி வேண்டும். இல்லாவிட்டால் சிறகு சுருங்கியபடியே காய்ந்துவிடும்.

முதிர்ந்த பூச்சிக்கு உணவு வைக்கத் தேவையில்லை, அதற்கு உண்ணும் வாயே இல்லை. ஏறக்குறைய ஒரு வாரம் வாழும். இறகுபோல் அகன்ற உணர்கொம்பு ஆணுக்குரியது, பெண்ணுடையது ஒடுங்கியது.

இனி வகைப்பாடு. வரிசை லெபிடாப்டெரா, குடும்பம் சாட்டர்னிடே, பேரினம் ஆக்டியாஸ், சிற்றினம் செலினே. டசர், மூகா பட்டுப்பூச்சிகளும் இதே குடும்பத்தவை; மல்பெரிப் பட்டுப்பூச்சியோ பாம்பிசிடே என்னும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. சீனத்து ஆக்டியாஸ் நிங்போவானா முன்பு செலினேயின் துணையினமாகக் கருதப்பட்டுப் பின்னரே தனியினமாகப் பிரிக்கப்பட்டதால், பழைய பெயர்ச்சீட்டுகளில் இரண்டும் ஒரே பெயரில் இருக்கக்கூடும். எனவே பெயருக்கு முன்பாகவே பிடித்த இடத்தையும் நாளையும், புழு தின்ற மரத்தையும் எழுதிவிடுங்கள்.