பெப்டைடு கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கிறதா? சோதித்துப் பார்க்கும் முறை

பெங்களூரு யஷ்வந்த்பூர் பக்கம் ஓர் ஆய்வகத்தில் வேலை. புதிதாகச் சேரும் நம் ஊர்ப் பிள்ளைகளிடம் முதலில் சோதனைக்கான பிளாஸ்டிக் தட்டைப் பற்றித்தான் பேசுவேன். கிருமியை எதிர்க்கும் சிறு புரதத் துண்டுகளான இந்தப் பெப்டைடுகளுக்கு நேர்மின்னூட்டம் உண்டு. பாலிஸ்டைரீன் தட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். பாலிபுரோப்பிலீன் தட்டு எடுங்கள். இது தெரியாமல் நான் ஒரு மாதம் வீணடித்து, "வேலை செய்யவில்லை" என்று நோட்டில் எழுதியும் வைத்தேன்!

அந்த மின்னூட்டம்தான் அதன் ஆயுதமும். பாக்டீரியாவின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது, நம் செல்லின் வெளிப்புறம் பெரும்பாலும் நடுநிலை. அதனால் பெப்டைடு பாக்டீரியாவைத் தேடிப் போய் ஒட்டும். பல வகைகள் சவ்வுக்குள் செருகி ஓட்டை போட்டுவிடும்.

சரி, செய்முறை. 96 குழித் தட்டில் பெப்டைடை மில்லிலிட்டருக்கு 64 மைக்ரோகிராம், அப்புறம் 32, 16 என்று பாதி பாதியாகக் குறையுங்கள். ஒவ்வொரு குழியிலும் மில்லிலிட்டருக்கு 5 லட்சம் பாக்டீரியா. பெப்டைடே இல்லாத குழி ஒன்று, பாக்டீரியாவே இல்லாத குழி ஒன்று கட்டாயம். சுமார் 35 டிகிரியில் 16 முதல் 20 மணி நேரம். மறுநாள் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: நீராகாரம் போலக் கலங்கியிருந்தால் பாக்டீரியா வளர்ந்திருக்கிறது. தெளிவாக இருப்பவற்றில் மிகக் குறைந்த பெப்டைடு அளவுதான் விடை, அதாவது வளர்ச்சியைத் தடுக்கப் போதுமான அளவு.

அதோடு குதிக்காதீர்கள். சிவப்பணுக்களோடும் ஒரு மணி நேரம் வைத்து, மையவிலக்கியில் சுழற்றுங்கள். மேல்நீர் சிவந்தால் நம் செல்லையும் உடைக்கிறது. ரத்தச் சீரம் சேர்த்தும் பாருங்கள், அதிலுள்ள நொதிகள் பெப்டைடை நறுக்கிவிடும். இதையெல்லாம் தாண்டினாலும் மருந்தாவது நிச்சயமில்லை: ஆப்பிரிக்கத் தவளைத் தோலில் 1987ல் மைக்கேல் ஜாஸ்லாஃப் கண்ட மகைனின் என்ற பெப்டைடை ஒட்டிச் செய்த பெக்சிகனான் களிம்பைக்கூட 1999ல் அமெரிக்க அரசு அனுமதிக்கவில்லை.