கிளமிடியா ஆடிட்: முதல்முறை செய்பவர்களுக்கு

பிரிட்டனில் பாலியல் நல கிளினிக்கில் புதிதாகச் சேர்பவர்கள் தலையில் சீக்கிரமே ஓர் ஆடிட் விழும்: சிகிச்சை வழிகாட்டிப்படி நடந்ததா என்று கேஸ் ஷீட்டுகளைப் பார்த்துச் சரிபார்க்கும் வேலை. பாலுறவால் பரவும் பாக்டீரியா தொற்றான கிளமிடியாவை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை, வழிகாட்டியும் தெளிவாக இருக்கிறது.

முதலில் கேள்விகள். பாஷ் (BASHH) என்று சுருக்கமாகச் சொல்லப்படும், பாலியல் நலம், எச்ஐவிக்கான பிரிட்டிஷ் சங்கத்தின் வழிகாட்டியைத் திறந்து மூன்றே மூன்று எடுங்கள்: சரியான மருந்து கொடுத்தார்களா, எச்ஐவி பரிசோதனை செய்யச் சொன்னார்களா, இணையர்களுக்கு, அதாவது நோயாளியோடு உடலுறவு கொண்டவர்களுக்கு, தகவல் போனதா. ஆசைப்பட்டுப் பதினைந்து கேள்வி வைத்தால் எக்செல் தாள்தான் நிறையும்.

ஆடிட் பிரிவில் பதிவு செய்துவிட்டு, கிளமிடியாவுக்குக் கிளினிக்குகள் போடும் சி4 என்ற குறியீட்டை வைத்துப் பட்டியல் எடுங்கள். கடைசியாக வந்த 40 பேர், வரிசையாக. நன்றாக எழுதிய கேஸ் ஷீட்டாகப் பொறுக்கக் கூடாது. தாளில் பெயர் வேண்டாம், எண் போதும்.

கேஸ் ஷீட்டைத் தொடுவதற்கு முன்பே விதிவிலக்குகளை எழுதிவிடுங்கள். 2018-லிருந்து முதல் தேர்வு டாக்ஸிசைக்ளின்: 100 மி.கி., தினம் இரண்டு வேளை, 7 நாள். ஆனால் கர்ப்பிணிக்கு அசித்ரோமைசின் கொடுத்திருந்தால் அது தவறில்லை. இதை முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால், பாதியில் உங்கள் கிளினிக்குக்குச் சாதகமாகவே மனசு சாயும்.

நேரம் செலவழிக்க வேண்டியது இணையர் விஷயத்தில்தான். என் பார்வையில் மற்றதெல்லாம் ஓரளவு தானாகவே நடந்துவிடும். கிளினிக்குகள் சறுக்கும் இடம் இது. அறிகுறி உள்ள ஆண் என்றால் அறிகுறிக்கு முந்தைய 4 வாரம், மற்றவர்களுக்கு 6 மாதம் வரையிலான இணையர்களைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். இலக்கு: நோயாளி ஒருவருக்கு 0.6 இணையர், 4 வாரத்துக்குள் சிகிச்சைக்கு வந்திருக்க வேண்டும். இது சதவீதம் இல்லை, கவனம். ஒருவருக்கு மூன்று பேர் வரலாம், இன்னொருவருக்கு யாருமே வராமல் போகலாம். எல்லாரையும் கூட்டி 40-ஆல் வகுக்க வேண்டும். 24 பேர் வந்திருந்தால் இலக்கைத் தொட்டாயிற்று. நோயாளி வாய்மொழியாகச் சொன்னதையும் கிளினிக் உறுதிசெய்ததையும் எக்செல் தாளில் தனித்தனி நெடுவரிசையில் போடுங்கள். "எழுதவில்லை" என்பதற்கும் ஒரு நெடுவரிசை வையுங்கள். அதை "செய்யவில்லை" என்பதோடு கலந்தால் எதைத் திருத்துவது என்றே தெரியாது.

அப்புறம் கூட்டத்தில் முடிவைச் சொல்லி, ஒரே ஒரு மாற்றம் கேளுங்கள். உதாரணமாக, 4 வாரம் கழித்து நோயாளிக்கு ஒரு போன், அதற்குப் பொறுப்பாக ஒரு நர்ஸ். ஆறு மாதம் கழித்து அடுத்த 40 பேரை எடுங்கள், கேள்விகளில் ஒரு சொல்லையும் மாற்றாமல்.