பழைய பட்டறைக்கல்: எவ்வளவு கொடுக்கலாம், எப்போது பேசாமல் திரும்பி வரலாம்

கத்தி அடிக்கக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் உலை, சுத்தியல், குறடு எல்லாம் சேர்த்துவிடுகிறார்கள், இரும்பை மேலே வைத்து அடிக்கும் பட்டறைக்கல்லில் வந்துதான் மாட்டிக்கொள்கிறார்கள். பினாங்கில் இதற்கென்று நிலையான விலை கிடையாது. ஒரே மாதிரிக் கல்லை ஒருவர் பெசி புருக் (பழைய இரும்பு) விலைக்குத் தள்ளிவிடுவார், இன்னொருவர் "வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்" என்று சொல்லி மூவாயிரம் வெள்ளி (ரிங்கிட்) கேட்பார். பல நேரம் இரண்டு பேருக்குமே கையில் இருப்பது என்னவென்று தெரியாது. அதனால் கணக்கை நீங்கள்தான் போட வேண்டும்.

ஒன்றை மட்டும் முதலில் மனத்தில் வையுங்கள். பழைய அடித்துச் செய்த கற்களில் உடம்பு தேனிரும்பு என்னும் மெத்தென்ற இரும்பு. மேலே ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் கடினமான எஃகுத் தகடு ஒட்டவைக்கப்பட்டிருக்கும். நீங்கள் காசு கொடுப்பது அந்தத் தகட்டுக்கு. கீழே இருப்பது வெறும் பாரம்.

கிளம்பும் முன்

ஒரு அங்குல பேரிங் குண்டு, எஃகு ஸ்கேல், சின்ன அரம், சின்னச் சுத்தியல், டார்ச் லைட், ஒரு பிரஷ். அவ்வளவுதான். லோரோங் குலிட் பழம்பொருள் சந்தையில் சின்னத் தட்டான் கற்கள் கண்ணில் படலாம், பெரியவை அபூர்வம். பெரிய கல் வேண்டுமென்றால் மூடா (Mudah) இணையதள விளம்பரங்களைப் பாருங்கள். தோட்டத்துப் பட்டறையிலோ பழைய ஈயச் சுரங்கப் பட்டறையிலோ வேலை பார்த்த தாத்தாக்கள் உள்ள வீடுகளில் விசாரியுங்கள். விளம்பரத்தை விட விசாரிப்பதில்தான் எனக்கு நம்பிக்கை.

முதல் படி: எடை

பிரஷ் போட்டுத் துருவை எடுத்துவிட்டு, பக்கவாட்டில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பீட்டர் ரைட், மவுஸ்ஹோல் போன்ற ஆங்கிலேயக் கற்களில் மூன்று எண்கள் தள்ளித் தள்ளி வெட்டியிருக்கும். முதல் எண்ணை 112ஆல் பெருக்குங்கள், இரண்டாவதை 28ஆல் பெருக்குங்கள், மூன்றாவது அப்படியே பவுண்டு. 1 - 1 - 14 என்று இருந்தால் 112 + 28 + 14 = 154 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 70 கிலோ. இதைத் தெரியாமல் "நூற்றுப் பதினாலு கிலோ அண்ணே" என்று விற்கிறவர்கள் உண்டு, வேண்டுமென்றே ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரே எண் மட்டும் இருந்தால் குழப்பம்: ஹே-பட்டன் போன்ற அமெரிக்கக் கற்களில் அது பவுண்டு, ஐரோப்பியக் கற்களில் கிலோவாக இருக்கலாம். பக்கத்து இரும்புக் கடைத் தராசில் ஏற்றிவிட்டால் வாதமே இல்லை.

இரண்டாம் படி: குண்டு சோதனை

விலை முடிவாவது இங்கேதான், அவசரப்படாதீர்கள். ஸ்கேலை நிமிர்த்தி வைத்து, பத்து அங்குல உயரத்திலிருந்து குண்டை விடுங்கள், எறியக் கூடாது. திரும்ப எத்தனை அங்குலம் எழும்புகிறதோ அதைப் பத்தால் பெருக்கினால் சதவீதம். ஏழரை, எட்டு வந்தால் நல்ல கல். ஐந்துக்குக் கீழே போனால் ஒன்று வார்ப்பிரும்பு, இல்லை தீப்பிடித்த கட்டடத்தில் கிடந்து பதம் போன கல். துரு இருந்தால் குண்டு சரியாக எழும்பாது, அந்த இடத்தைத் தேய்த்துவிட்டுப் பாருங்கள்.

ஒரு இடத்தில் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது. இரண்டு விரல் இடைவெளியில் மேல்தளம் முழுக்கக் குண்டைப் போடுங்கள். நடுவில் திடீரென்று குண்டு செத்து விழுந்தால் தகடு உடம்பை விட்டுப் பிரிய ஆரம்பித்திருக்கலாம், அல்லது யாரோ வெல்டிங் வைத்து மூடியிருக்கலாம். சின்னச் சுத்தியலால் தட்டினால் அந்த இடம் மட்டும் மொத்தென்று கேட்கும். கூம்பாக நீண்டிருக்கும் கொம்புக்கு அருகே ஒரு படி கீழிறங்கி இருக்குமே, அங்கே குண்டு போட்டுப் பயப்பட வேண்டாம். உளி வைத்து வெட்டுவதற்காக அந்த இடத்தை மெத்தென்றுதான் விட்டிருப்பார்கள்.

மணி மாதிரி கணீரென்று ஒலித்தால் நல்ல கல் என்பார்கள். பாதி உண்மை. வார்ப்பிரும்பு உடம்பில் எஃகு முகம் வைத்த ஃபிஷர் கற்கள் ஒலிக்கவே ஒலிக்காது, ஆனால் அருமையான கற்கள். மரக்கட்டையில் இறுக்கிக் கட்டிய கல்லும் ஒலிக்காது. ஒலியை நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

மூன்றாம் படி: பளபளப்பைச் சந்தேகப்படுங்கள்

துருப்பிடித்த கல்லைப் பார்த்து ஒதுங்குகிறவர்கள், கிரைண்டர் போட்டுக் கண்ணாடி மாதிரி ஆக்கிய கல்லுக்கு இருநூறு வெள்ளி கூடவே கொடுத்துவிடுகிறார்கள். தலைகீழாக இருக்க வேண்டும். மேல்துரு தேய்த்தால் போய்விடும். தேய்த்துத் தள்ளிய எஃகு திரும்பி வராது. பக்கவாட்டில் தகட்டின் கோடு தெரிந்தால் எவ்வளவு மிச்சம் என்று அளந்து பாருங்கள்.

ஓரங்கள் அங்கங்கே உதிர்ந்திருந்தால் பரவாயில்லை, ஒரு சாண் நல்ல ஓரம் கிடைத்தாலே வேலை நடக்கும். ஸ்கேலை நீளவாக்கில் வைத்து நடுவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பள்ளம் தெரிந்தாலும் கவலை இல்லை. இடுப்பிலோ அடியிலோ சின்னச் சதுர ஓட்டைகள் இருந்தால் அது குறையே அல்ல. அடித்துச் செய்யும்போது கம்பி செருகிப் பிடித்த ஓட்டைகள் அவை. பெயிண்ட் அடித்த சின்ன வார்ப்பிரும்புக் கற்கள்தான் ஆபத்து. விற்பவரிடம் கேட்டுவிட்டு மேல்தள ஓரத்தில் அரத்தை லேசாக இழுங்கள். வழுக்கினால் நல்லது, கடித்தால் விட்டுவிடுங்கள்.

நான்காம் படி: விலை

அமெரிக்காவில் பவுண்டுக்கு இத்தனை டாலர் என்று படித்துவிட்டு வெள்ளிக்கு மாற்றாதீர்கள், அங்கே சந்தை வேறு. இங்கே இரண்டு எண்கள் போதும். ஒன்று, பெசி புருக் கடையில் அன்றைய கிலோ விலை, அது தரை. இன்னொன்று, அதே எடையில் புதிய எஃகுக் கல் கப்பல் செலவோடு வீடு வந்து சேர ஆகும் கிலோ விலை; அது கூரை.

புதியது கிலோ 30 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். குண்டு ஏழரைக்கு மேல் எழும்பி, ஓரமும் நன்றாக இருந்தால் நான் கூரையில் மூன்றில் இரண்டு வரை போவேன்: 70 கிலோவுக்கு 1,400 வெள்ளி. ஓரம் மோசம், ஆனால் தளம் நல்லது என்றால் பாதி, 1,050. வெல்டிங் வைத்து, அதற்கு மேல் கிரைண்டரும் போட்டிருந்தால் கால்வாசிக்கு மேல் பேச மாட்டேன். தகடு பிரிந்திருந்தாலும் பதம் போயிருந்தாலும் தரை விலைதான், பெயர் எதுவாக இருந்தாலும் சரி. நல்ல பெயர் தெளிவாகத் தெரிந்தால் கொஞ்சம் கூட்டலாம், சேகரிப்பவர்கள் அதற்குக் காசு கொடுப்பார்கள்; கத்தி அடிப்பதற்கு அந்தப் பெயர் உதவாது.

அப்புறம் வண்டிச் செலவு. ஈப்போவிலிருந்து கொண்டுவந்தால் எண்ணெய், டோல் எல்லாம் சேர்த்துதான் விலை. 70 கிலோவை மைவி காரின் பின்னால் ஏற்ற இரண்டு ஆள் வேண்டும், கீழே பலகை போடுங்கள்.

பேரத்தில் குறையை அடுக்கி ஆளைக் கோபப்படுத்தாதீர்கள். குண்டைப் போட்டுக் காட்டுங்கள், அது எழும்பாததை அவரே பார்க்கட்டும், பிறகு மெதுவாக "போலே கூராங்?" (குறைக்க முடியுமா?) என்று கேளுங்கள். உங்கள் எண்ணுக்கு இறங்கி வரவில்லையென்றால் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். பட்டறைக்கல் வாங்க வரிசையில் யாரும் நிற்பதில்லை, ஒரு மாதம் கழித்து அவரே கூப்பிடவும் கூடும். அதுவரை பழுதில்லாத கனமான எஃகுக் கட்டி ஒன்றை மரத்தில் பதித்து வைத்து அடித்துப் பழகலாம், கொம்பு வேண்டிய வேலை ஆரம்பத்தில் குறைவுதான்.