ஆம்பூர் தோல் ஷூவை ஆன்லைன் கடையில் ஏற்றும் முறை

படம் எடுக்கும் முன் பட்டியலைப் போடுங்கள். ஒரு மாடலுக்கு 3 நிறம், 6 முதல் 10 வரை 5 சைஸ் என்றால் 15 வரிசை, 15 தனிக் குறியீடு. இரண்டு சைஸுக்கு ஒரே குறியீடு போட்டால் இருப்புக் கணக்கு குழம்பி, கையில் இல்லாத ஜோடிக்கு ஆர்டர் விழும்.

அதிகம் கெடுவது எக்செல்லில்தான். 13 இலக்க பார்கோடு '8.9E+12' போன்ற அடுக்கெண்ணாகச் சுருங்கும், '08' வெறும் 8 ஆகும், '6-7' தேதியாகிவிடும். தட்டச்சு செய்யும் முன்பே அந்த நெடுவரிசைகளை 'டெக்ஸ்ட்' வடிவத்துக்கு மாற்றுங்கள். தமிழ் விவரம் இருந்தால் தமிழ் எழுத்தைக் காக்கும் 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' கோப்பு வகையில் சேமியுங்கள். இல்லையேல் எழுத்தெல்லாம் கேள்விக்குறிதான்.

'உயர்தரத் தோல்' என்று எழுதுவதால் வாங்குபவருக்கு ஒன்றும் தெரியாது. மேல்பகுதி மாட்டுத் தோலா ஆட்டுத் தோலா, உள்ளே என்ன லைனிங், அடி ரப்பரா பியூ (பாலியூரித்தேன்) என்ற செயற்கைப் பொருளா, ஒட்டியதா தைத்ததா என்று சொல்லுங்கள். ராணிப்பேட்டையிலும் வாணியம்பாடியிலும் தோலைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம். திரையில் அந்த வேலையை உங்கள் வரிகள்தான் செய்ய வேண்டும்.

யூகே அளவில் ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் சுமார் 8.5 மி.மீ. வித்தியாசம். ஒவ்வொரு சைஸுக்கும் பொருந்தும் பாத நீளத்தை செ.மீ.யில் கொடுத்தால் திரும்பி வரும் பெட்டிகள் குறையும்.

ஜன்னல் வெளிச்சத்தையும் டியூப்லைட்டையும் கலக்காதீர்கள், பழுப்பு நிறம் மாறித் தெரியும். அடிப்பாகப் படம் கட்டாயம்.

எம்ஆர்பி, தயாரிப்பாளர் பெயர், முகவரி, தயாரான நாடு ஆகியவற்றை விடாதீர்கள். ஹெச்எஸ்என் (ஜிஎஸ்டிக்கான பொருள் வகைக் குறியீடு): தோல் ஷூ 6403, பர்ஸ் 4202, பெல்ட் 4203.